வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை: கடலூர்ப் புறநகரில் ஒரு வீட்டுக் கிரயம் – நிகழ்வு ஆய்வு

கடலூரில் வீடு, மனை மதிப்பீடு செய்வது என் தொழில். வங்கி அனுப்பிப் போவதும் உண்டு, வாங்குகிறவர்களே கூப்பிட்டுப் போவதும் உண்டு. இது இரண்டாவது வகை. 2024 ஆவணியில் தொடங்கி 2025 மழைக்காலம் முடியும்வரை நடந்ததை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளையும் நகரையும் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பத்திரம், பணம், தண்ணீர் மூன்றிலும் கை வைக்கவில்லை.

பின்னணி

கணவருக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மனைவி நெல்லிக்குப்பம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. நாலாவது படிக்கும் மகள், எல்.கே.ஜி. போகும் மகன், கணவரின் அம்மா. மஞ்சக்குப்பத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கோயிலுக்குப் போக வேண்டுமென்றால்கூட மகன் ஷிப்டு முடிந்து வந்து கைப்பிடித்து இறக்க வேண்டும். பிள்ளைகளுக்கோ வாசலைத் தாண்டினால் பஸ் போகும் ரோடு.

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தனி வீடு, கீழேயே ஒரு படுக்கையறை, பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட ஒரு தெரு, ஸ்கூல் வேன் வரும் இடம். 55 லட்சத்தை ஒட்டி. கையிருப்பு 14 லட்சம், அதற்கு மேல் தேவைப்பட்டால் நகை.

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் பார்க்கத் தொடங்கினார்கள்.

முதல் வீடு

நெல்லிக்குப்பம் சாலையிலிருந்து வடக்கே, தென்பெண்ணை ஆற்றுப் பக்கமாகப் பிரியும் கிளைச் சாலையில் அந்த நகர். பதினைந்து வருடத்துக்கு முன் நெல்லும் கரும்பும் விளைந்த நஞ்சை. இன்று வளைவு வைத்த நுழைவாயில், கேமரா, ஊஞ்சலும் சறுக்கு மரமும் உள்ள பூங்கா. நாங்கள் போன மாலையில் தெருவில் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்த்தபோதே, அவர் மனதில் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது.

வீடு புதிது. 1,200 சதுர அடி மனை, கீழே ஒரு அறை, மேலே இரண்டு. விலை 56 லட்சம். கட்டடத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் கிடைக்கவில்லை: மாடியில் தண்ணீர் ஓட்டம் கொஞ்சம் சரியில்லை, குளியலறைக் கதவு சின்னது. இரண்டும் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடியவை.

ஆகவே வீட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தேன்.

தெருவில் கண்டவை

வீட்டின் தரைமட்டம் ரோட்டிலிருந்து நான்கு அடி உயரத்தில் இருந்தது. கார் ஏறும் சாய்வு, ரோட்டில் பாதியைத் தின்றிருந்தது. எதிரே 2019இல் கட்டிய வீடு இரண்டரை அடி உயரம். தெருவிலேயே பழைய வீடு 2013இல் கட்டியது. அதன் வாசல், ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் இப்போது ரோட்டுக்குக் கீழே கிடக்கிறது; கேட்டுக்கு உட்புறம் மணல் மூட்டைகள். ஒரு தெருவில் பின்னால் கட்டியவர்கள் ஒவ்வொருவரும் முன்னவரைவிட உயர்த்திக் கட்டியிருந்தால், ஏன் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இருந்தாலும் பாட்டி (கணவரின் அம்மா) கேட்டார். பழைய வீட்டு அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?”

“நிக்கும்மா. ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். 2015ல முழங்கால் வரைக்கும் வந்துச்சு. அதெல்லாம் பாத்தா கடலூர்ல குடியிருக்க முடியுமா?”

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்று என் வண்டியில் எப்போதும் கிடக்கும். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர், இரண்டு பக்கமும் ஒரு ஆள், அவ்வளவுதான் கருவி. கணவரை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லித் தெருவின் கடைசியிலிருந்து முகப்பு வரை பார்த்தோம். தெருக்கடைசி, கிளைச் சாலையைவிட ஒன்றரை அடி தாழ்வு. அதாவது தெருவில் விழும் தண்ணீர் முன்பக்கமாக வெளியேறவே முடியாது. பின்னாலுள்ள வாய்க்கால்தான் ஒரே வழி.

அந்த வாய்க்காலைத் தேடிப் போனோம். சர்வேத் துறையின் புலப்படத்தில் மனைப்பிரிவின் வடக்கு எல்லை முழுக்க வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. நிலத்தில் அது ஒரு எட்டில் தாண்டக்கூடிய பள்ளம். சிறுபாலத்துக்கு அடியில் இரண்டு குழாய். ஒன்றில் உடைந்த செங்கல்லும் சிமென்ட் சாக்கும் அடைத்திருந்தன.

காகிதத்தில் கண்டவை

விளம்பரத் தாளில் ஒரே ஒரு டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண். ஆனால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், நகர் இரண்டு துண்டு என்று தெரிந்தது. முன்பகுதி முறைப்படி அங்கீகாரம் பெற்றது. ரோடும் பூங்கா இடமும் ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. பின்னாலிருக்கும் இரண்டு தெருக்கள் வேறு நிலம். அங்கீகாரம் இல்லாமல் மனை போட்டு விற்றவை, பின்பு அதே நகரின் பெயருக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டவை. நாங்கள் பார்த்த வீடு அந்தப் பின்பகுதியில் இருந்தது.

இது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதையடுத்து 2017இல் அரசு, அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 20.10.2016 வரை விற்றுப் பதிவான மனைகளுக்கு அதில் வழி வைத்தார்கள். ஆனால் அது இரண்டு படி. மனைப்பிரிவு மொத்தத்துக்கும் கொள்கை அளவில் ஒப்புதல் ஒன்று, அதன் பிறகு ஒவ்வொரு மனைக்கும் தனி ஆணை. வீட்டைக் கட்டி விற்கும் கட்டுநர் காட்டியது முதல் படியை மட்டும். இரண்டாவதைக் கேட்டபோது, “அப்ளை பண்ணியாச்சு சார், வந்துடும்” என்றார்.

முன்பகுதிப் பூங்கா ஊராட்சிச் சொத்து, யாரும் போகலாம். ஆகவே பிள்ளைகளுக்கு அதில் சிக்கல் இல்லை. சிக்கல் மழைநீர் வடிகாலில். முன்பகுதிக்கு வடிகால் வரைபடத்திலேயே உண்டு. பின்பகுதித் தெருக்களுக்கு அப்படி எதுவும் இல்லை. போட்டுத் தரும் பொறுப்பு யாருடையது என்பதற்கும் காகிதம் இல்லை.

ஒப்பந்தமும் அதன் காரணமும்

மழை முடியும்வரை பொறுங்கள் என்பதுதான் என் அறிக்கையின் கடைசி வரி. அவர்கள் பொறுக்கவில்லை. வேறொருவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார், கட்டுநர் ஒரு லட்சம் குறைக்க முன்வந்தார், மகள் தன் அறை எது என்று முடிவுசெய்திருந்தாள். இவற்றை அற்பக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு வாங்குவது கணக்குப் பாடம் என்று நினைப்பவர்கள் வாடகை வீட்டில் வயதான தாயை வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

ஆனால் இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்தார்கள். ஒன்று, ஐந்து லட்சம் முன்பணத்துக்குக் கிரய ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்தார்கள். கட்டுநர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும் என்றுதான் சொன்னார். இரண்டாவது, தனி மனை வரன்முறை ஆணையின் அசல் தை மாதக் கடைசிக்குள் வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். மார்கழியில் பத்திரம் செய்ய வேண்டாம் என்பது பாட்டியின் நிபந்தனை. அதனால்தான் கெடு தைக்குத் தள்ளிப்போனது. இப்படியாக, யாரும் திட்டமிடாமலே ஒரு மழைக்காலம் நடுவில் வந்து நின்றது.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. டிசம்பர் 1 அன்று கணவர் போய்ப் பார்த்தபோது, நகரின் பின்தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். “பரவாயில்லை சார், பயந்த அளவுக்கு இல்லை” என்று போன் செய்தார்.

கடலூர்க்காரர்களுக்கு அடுத்து நடந்தது நினைவிருக்கும். புயல் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். இங்கே மழை ஓய்ந்திருந்த நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் ஆற்றில் வடிய வேண்டியது. ஆற்று மட்டம் மேலேறியதும் வடிவது நின்று, அதே வாய்க்கால் வழியாக வெள்ளம் நகருக்குள் ஏறியது. 3ஆம் தேதி கணவரால் கிளைச் சாலையின் பாதிக்கு மேல் போக முடியவில்லை. தெருக்கடைசியில் இடுப்பளவு என்று டிராக்டரில் வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். பூங்காவில் ஊஞ்சலின் பலகை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்த பின் நாங்கள் மறுபடி போனோம். வீட்டுக்குள் ஈரமே இல்லை. நான்கு அடி உயர்த்தியதற்குப் பலன் இருந்தது. கட்டுநர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்துச்சா? நீங்களே சொல்லுங்க.”

உண்மைதான். ஆனால் நிலத்தடித் தொட்டியில் சேறு. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிப் பின்னுக்குத் தள்ளியதற்கான தடம் கீழ்க் கழிவறையில் தெரிந்தது. மூன்று நாள் மின்சாரம் இல்லை. பழைய வீட்டு அம்மாவின் வீட்டுச் சுவரில் ஜன்னல் அடிக்கட்டை வரை சேற்றுக்கோடு. இவர்கள் வாங்கப்போகும் வீடும் அதன் சுற்றிலும் உள்ள புது வீடுகளும் உயர்ந்து நின்றதால், இருந்த தண்ணீர் முழுக்க அந்த வீட்டின் பங்காகப் போனது.

கட்டுநர் பேசி முடித்ததும் பாட்டி மகனிடம் கேட்டார்: “உள்ள வரல, சரி. எனக்கு நெஞ்சு வலின்னா எப்படிடா வெளிய தூக்கிட்டுப் போவ?”

விலகல்

வெள்ளம் வந்தது என்று சொல்லி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. அதற்கு ஷரத்து இல்லை. விலக வழி தந்தது வரன்முறை ஆணை மட்டுமே. தை முடிந்தது, ஆணை வரவில்லை.

கட்டுநர் முதலில் மூன்று லட்சம் தருவதாகவும், மீதியை வீடு விற்றதும் தருவதாகவும் சொன்னார். இங்கேதான் பதிவு கை கொடுத்தது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதை ரத்துசெய்து ஒரு பத்திரம் பதிவாகாதவரை, அடுத்து வாங்க வருபவரின் வங்கி அந்த வீட்டுக்குக் கடன் தராது. கையெழுத்து இவர்களிடம் இருந்தது. மாசியில் மூன்று லட்சம் வங்கி வழியே வந்தது. மீதி இரண்டு லட்சத்துக்கு டி.டி.யைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சண்டை, வக்கீல் நோட்டீஸ் எதுவும் இல்லை. இருபது ரூபாய்த் தாளாக இருந்திருந்தால் அந்த இரண்டு லட்சத்துக்கு எத்தனை முறை நடந்திருப்பார்களோ.

இரண்டாவது வீடு

அதன் பிறகு தேடல் திசை மாறியது. கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே, கூத்தப்பாக்கம் தாண்டிக் கேப்பர் மலைச் சரிவுப் பக்கம். செம்மண் மேடு. 2014இல் கட்டிய வீடு, 1,320 சதுர அடி மனை, 24 அடி ரோடு, விலை 54 லட்சம். முழு மனைப்பிரிவும் டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்றது, ரோடு, பூங்காவுக்கான தானப் பத்திரம் வில்லங்கத்திலேயே தெரிந்தது. பூங்கா என்றால் காகிதத்தில்தான். போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம்.

இம்முறை வெயில் காலம் என்பதால் மழையில் பார்க்க வழியில்லை. பதிலுக்குப் பால்காரரையும் சிலிண்டர் போடுபவரையும் பிடித்தோம். வீடு விற்பவர், புரோக்கர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் அந்த நகரின் விலை மீது ஒரு அக்கறை இருக்கும், பால்காரருக்கு இல்லை. “டிசம்பர் 2, 3ல எந்தத் தெருவுக்குப் பால் போட முடியல?” என்று கேட்டால் நினைவிலிருந்து சொல்கிறார்கள். இந்தத் தெருவுக்கு இரண்டு நாளும் போட்டிருக்கிறார். மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு பள்ளம், அங்கு மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னார்.

பணக் கணக்கு இது. வங்கி 80 சதவீதம், 43.2 லட்சம் கொடுத்தது. கையிலிருந்து 10.8 லட்சம். முத்திரைக் கட்டணம், மாற்று வரி, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், 4.86 லட்சம், இதற்கு வீட்டுக் கடனில் இடமில்லை. 50 லட்சத்துக்கு மேல் போனதால் விற்பவருக்குத் தர வேண்டியதில் 1 சதவீதம், 54,000 ரூபாயைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியிருந்தது. விற்பவருக்கு இது தெரியாமல், ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு மாலை முழுதும் கோபமாக இருந்தார். மாடித்தளத்தில் கசிவு, பழைய வயரிங், கீழ்க் குளியலறையில் பாட்டிக்குக் கைப்பிடி எல்லாம் சேர்த்து மராமத்து இரண்டரை லட்சம். நகை வங்கிக்குப் போனது.

வைகாசியில் பால் காய்ச்சினார்கள். மராமத்து முடிந்து ஆவணியில் குடி வந்தார்கள்.

பிறகு

2025 மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தங்கவில்லை. ஆனால் மேட்டு நிலத்துக்கு அதன் தொல்லை உண்டு. மேலேயிருந்து ஓடிவரும் தண்ணீர் செம்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரின் அடித்தளம் ஒரு முழம் வெளியே தெரிந்தது. கருங்கல் வைத்துக் கட்ட நாற்பதாயிரம் ஆனது. அந்தச் சுவரை வெயிலில் பார்க்கும்போது அரிப்பின் தடம் தெரியவில்லை. மண்ணை நிரவிப் புல் பதித்திருந்தார்கள்.

கணவருக்குச் சிப்காட் பக்கமானது. அந்தப் பக்கம் இறங்கிய பாரம் மனைவி தலையில் ஏறியது. முன்பு மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரே பஸ். இப்போது ஸ்கூட்டரில் திருப்பாதிரிப்புலியூர், அங்கிருந்து பண்ருட்டி பஸ். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டும் மாதங்களில் முதல் மணிக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. அடுத்த கலந்தாய்வில் மாறுதல் கேட்க இருக்கிறார். இந்த வீட்டின் விலையில் சேர்க்காமல் விட்ட பெரிய தொகை என்றால் இதுதான் என்பது என் கருத்து.

ஸ்கூல் வேன் தெருவுக்குள் வருவதில்லை, மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். தெருவில் மகள் வயதுப் பிள்ளைகள் குறைவு. “அங்க ஊஞ்சல் இருந்துச்சு” என்பதை அவள் இன்னும் விடவில்லை. அக்டோபர் 11 கிராம சபையில் தெருக்காரர்கள் பூங்கா இடத்துக்காக மனுக் கொடுத்தார்கள். தானப் பத்திர நகலைக் கூடவே இணைத்ததால், இடம் யாருடையது என்ற பேச்சே எழவில்லை. கருவேலம் வெட்டியாயிற்று. ஊஞ்சல் இன்னும் வரவில்லை. பாட்டி தினமும் சாயங்காலம் அந்த வெற்றிடம் வரை தடி ஊன்றி நடந்துவிட்டு வருகிறார். படி இறங்க யார் கையும் தேவைப்படவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

அந்தக் குடும்பத்தைக் கேட்டால், பயண நேரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாமல், ஒரு வேலைநாள் காலை முழுதும் பஸ்ஸில் போய்ப் பார்த்திருப்போம் என்கிறார்கள். மனைவிக்கு மாறுதல் கிடைக்கும்வரை மஞ்சக்குப்பத்தை அடுத்த செம்மண்டலம் பக்கமே வாடகைக்கு இருந்திருக்கலாம் என்றும் ஒரு பேச்சு வீட்டில் ஓடுகிறது. பாட்டி அதற்கு ஒப்பவில்லை.

என் பக்கம் மாறியது இவை. “தண்ணி நிக்குமா” என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். மழைத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் பிரித்துக் கேட்கிறேன். தென்பெண்ணை, கெடிலம் இரண்டுக்கும் அருகே உள்ள நகர்களில் 2015, 2024 இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனியே பதில் வாங்குகிறேன், ஏனென்றால் உள்ளூர் மழையைத் தாங்கிய தெருவே மேலிருந்து திறந்த தண்ணீரைத் தாங்காமல் போகலாம். மேட்டு நிலமானால் பின்சுவரின் அடியை மண்வெட்டியால் ஓரிடத்தில் கீறிப் பார்க்கிறேன்.

ஒப்பந்தம் எழுதும்போது இப்போது இன்னொரு ஷரத்தும் சேர்க்கச் சொல்கிறேன்: ஒப்பந்தக் காலத்துக்குள் பொதுச்சாலையிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள வழி வெள்ளத்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டால், வாங்குபவர் முன்பணத்தை முழுதாகத் திரும்பப் பெற்று விலகலாம். இதுவரை நான்கு விற்பனையாளர்களிடம் நீட்டினோம். மூன்று பேர் மறுத்தார்கள். கையெழுத்துப் போட்ட ஒருவரின் மனை கேப்பர் மலைப் பக்கம்.